ஐ.டி.ஐ. பாடத்துக்கு நாமே விளையாட்டு செய்யலாம்: பயிற்றுநர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

சென்னையில் ஓர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு நடத்துகிறேன். சில ஆண்டுகளாகப் பாடத்துக்கென்று சின்னச் சின்ன விளையாட்டுகளைக் கணினியில் நானே செய்துவருகிறேன். கிண்டி, அம்பத்தூர், திருவொற்றியூர் பக்கம் வேலை பார்க்கும் பயிற்றுநர்கள் போன் செய்து விசாரிப்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் வரும். அவற்றுக்கு இங்கே நிதானமாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

விளையாட்டு வழிக் கற்றல் என்றால் க்விஸ் வைப்பதுதானே?

இல்லை. க்விஸ் என்பது தெரிந்ததைச் சோதிப்பது. அதில் நட்சத்திரம், பாயின்ட், முதலிடம் எல்லாம் சேர்த்தாலும் அது பரிட்சைதான். கொஞ்சம் கலகலப்பான பரிட்சை, அவ்வளவே.

நான் விளையாட்டு என்று சொல்வது வேறு. பையன் முன்னால் ஒரு நிலைமை இருக்க வேண்டும். அவன் ஒரு முடிவு எடுக்க வேண்டும். அந்த முடிவால் ஏதாவது நடக்க வேண்டும். நடந்ததைப் பார்த்துவிட்டு அவன் அடுத்த முடிவுக்குப் போக வேண்டும். "ஓவர்லோடு ரிலேயின் வேலை என்ன?" என்பது கேள்வி. (மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும் கருவி அது.) "மோட்டார் பத்து நிமிடம் ஓடி நிற்கிறது, சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார், முதலில் எதைத் திறந்து பார்ப்பாய்?" என்பது விளையாட்டு.

தொழிற்கல்விக்கு இது மற்ற எந்தக் கல்வியையும்விடப் பொருந்தும். நம் வேலையில் தவறு செய்தால் பொருள் எரியும், விரல் போகும், சில சமயம் உயிரே போகும். ஆனால் தவறு செய்து பார்க்காமல் யாரும் தொழில் கற்றதில்லை. அடிபடாமல் தவறு செய்து பார்க்க ஓர் இடம் தருவதற்குத்தான் இந்த விளையாட்டெல்லாம்.

எந்தக் கருவியில் தொடங்குவது?

கருவியை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒரு மாதம் அதில் எழுதிவையுங்கள். தேதி, எந்த ஜாப், என்ன தவறு, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன காரணம். அந்தக் காரணம்தான் முக்கியம். விளையாட்டில் தவறான விடையாக எதை வைப்பது என்று நாம் மூளையைக் கசக்க வேண்டியதில்லை; நோட்டிலேயே இருக்கும்.

என் நோட்டில் அதிகம் வந்தது டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாரை நேரடியாகச் சப்ளையில் இணைத்து ஓட்டும் கருவியின் வயரிங். ஒரு பையன் கன்ட்ரோல் வயரிங் முடித்துப் பச்சை பட்டனை அழுத்துவான், காண்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) 'டக்' என்று இழுக்கும், மோட்டார் ஓடும். கையை எடுத்தால் நின்றுவிடும். மறுபடி அழுத்துவான், ஓடும், விடுவான், நிற்கும். உடனே "சார், காயில் வீக்கா இருக்கு" என்பான். காயில் என்பது அந்தக் காந்தச் சுருள்; அது வீக்காக இருந்தால் அழுத்தும்போதே இழுக்காதே! ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக வர வேண்டிய 13, 14 எண் முனைகள் கொண்ட துணைக் காண்டாக்டை அவன் சேர்க்கவில்லை, அல்லது சேர்த்த வயர் லூஸ். அதனால் காண்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ள வழியில்லை.

இதுவே என் முதல் விளையாட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறை, காலை ஒன்பது மணி, மோட்டார் பட்டனை விட்டால் நிற்கிறது. நான்கு வழிகள்: காயிலை மாற்று, ஓவர்லோடு ரிலேயைப் பார், துணைக் காண்டாக்டைப் பார், மோட்டாரைக் கழற்று. காயிலை மாற்றினால் முக்கால் மணி நேரம் போகிறது, மோட்டார் அதே மாதிரி நிற்கிறது, பட்டறைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஓவர்லோடு ரிலேயைத் தேர்ந்தெடுத்தால் அதன் 95, 96 முனைகளுக்கு நடுவே தொடர்ச்சி சரியாக இருப்பதை மீட்டர் காட்டுகிறது. 'இது திறந்திருந்தால் பட்டனை அழுத்தியபோதே ஓடியிருக்குமா?' என்று திரை திருப்பிக் கேட்கிறது. அந்த இடத்தில் சில பையன்கள் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோடிங் தெரியாது. என்னால் முடியுமா?

கண்டிப்பாக முடியும். மேலே சொன்ன விளையாட்டைக் கூகுள் ஃபார்ம்ஸில்தான் செய்தேன். ஒவ்வொரு நிலைமையையும் ஒரு தனிப் பிரிவாகப் போடுங்கள். ஒரே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வி வையுங்கள். கேள்விக்குக் கீழே மூன்று புள்ளி இருக்கும். அதை அழுத்தினால் எந்த விடைக்கு எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று அமைக்கலாம். தவறான விடை அதன் விளைவைச் சொல்லும் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து திரும்பி வரவும் வழி வைக்கலாம். படமும் சேர்க்கலாம். செலவே இல்லை.

கணினியில் உட்காரும் முன் பேப்பரில் வரையுங்கள். கட்டம், அம்பு, கட்டம், அம்பு. பேப்பரில் குழம்பினால் திரையில் இரண்டு மடங்கு குழம்பும். முதல் விளையாட்டுக்குப் பத்துக் கட்டம் போதும்.

அடுத்த படி என்ன?

ட்வைன். 2009இல் கிறிஸ் கிளிமாஸ் என்பவர் உருவாக்கியது, இலவசம், திறந்த மூலம். கிளை பிரியும் கதைகளுக்கென்றே செய்யப்பட்டது. பேப்பரில் வரைந்த கட்டங்கள் அப்படியே திரையில் இருக்கும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பெயரைத் தட்டினால் அடுத்த கட்டம் தானாக முளைக்கும். கொஞ்சம் பழகிய பிறகு, 'மெயின் ஆஃப் செய்தானா?' என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஐந்து கட்டம் தள்ளி அதன் விளைவைக் காட்டும்படியும் எழுதலாம். கூகுள் ஃபார்ம்ஸில் இது வராது.

செய்து முடித்ததை ஒரே ஓர் எச்.டி.எம்.எல். கோப்பாக எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளலாம், நெட் இல்லாமலே ஓடும். ஒரு எச்சரிக்கை: பிரவுசரில் வைத்து எழுதினால் உங்கள் வேலை அந்தப் பிரவுசருக்குள்தான் இருக்கும். லேபில் யாராவது பிரவுசர் தரவை அழித்தால் எல்லாம் போய்விடும். எனக்கு ஒரு வார வேலை அப்படிப் போயிருக்கிறது. தினமும் எழுந்திருக்கும் முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

எச்5பி பற்றி எல்லோரும் சொல்கிறார்களே?

நல்ல கருவி. நார்வேயில் 2013இல் தொடங்கியது, இதுவும் திறந்த மூலம். படத்தின் மேல் புள்ளி வைத்து விளக்கம் தருவது, இழுத்துப் பொருத்துவது, வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, கிளைக் கதை என்று பல வகை அதில் ஆயத்தமாக இருக்கின்றன. உங்கள் நிலையத்தில் மூடில் என்ற இணையவழிப் பாடத் தளம் இருந்தால் அதற்குள்ளேயே செய்யலாம். இல்லாவிட்டால் லூமி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, அதில் எச்5பி செய்து எச்.டி.எம்.எல். கோப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் அதிகம் பயன்படுத்துவது வீடியோ வகை. என் கையையே போனில் படம் எடுத்திருக்கிறேன்: வயர் முனையில் இன்சுலேஷன் சீவுவது, லக் (முனையில் மாட்டும் உலோகத் துண்டு) போட்டு அழுத்தி கிரிம்ப் செய்வது, டெர்மினலில் முடுக்குவது. முடுக்கும் முன் வீடியோ நின்று, 'செம்பு எவ்வளவு வெளியே தெரிகிறது, சரியா?' என்று கேட்கும். எங்கோ யாரோ எடுத்த வீடியோவைவிட, பையன்களுக்குத் தெரிந்த மேசையும் தெரிந்த ஸ்பேனரும் திரையில் வரும்போது கவனமே வேறு மாதிரி இருக்கிறது.

கஹூட், குவிசிஸ் எல்லாம் வேண்டாமா?

அந்த க்விஸ் தளங்களும் வேண்டும், அதற்கான இடத்தில். வகுப்பு தொடங்கும் முதல் பத்து நிமிடம், நேற்று நடத்தியதை நினைவுபடுத்த. பெங்களூரில் பிறந்த குவிசிஸ் 2025இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கிறது. தேடும்போது குழம்ப வேண்டாம். அதில் ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் பாதுகாப்புப் பாடத்துக்கு நேரப் போட்டி வைக்காதீர்கள். வேகமாக அழுத்தியவனுக்கு அதிகப் பாயின்ட் என்றால், யோசிக்காமல் கை வைப்பதற்குத்தான் பயிற்சி கொடுக்கிறோம். பேனலைத் திறக்கும் முன் நின்று பார்ப்பவனுக்குத்தான் பாயின்ட் போக வேண்டும். கடிகாரத்தை அணைக்கும் வசதி இருந்தால் முதலில் அதை அணையுங்கள்.

விளையாட்டே தவறாகக் கற்றுக்கொடுத்துவிடாதா?

கொடுக்கும். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

என் டி.ஓ.எல். விளையாட்டின் முதல் வடிவத்தில், பழுது பார்க்கும் முன் 'எம்.சி.பி.யை (சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப் செய்' என்று ஒரு படி இருந்தது. அதை அழுத்தியதும் திரையில் 'சப்ளை துண்டிக்கப்பட்டது' என்று வந்து அடுத்த கட்டம் திறக்கும். சுருக்கமாக இருக்கட்டும் என்று அப்படி எழுதினேன். மாணவர்கள் ஆர்வமாக விளையாடினார்கள், இரண்டு மூன்று முறை விளையாடினார்கள்.

அடுத்த வாரம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பையன் போர்டுக்குப் போனான், எம்.சி.பி.யைக் கீழே தள்ளினான், நேராக டெர்மினலுக்குக் கையைக் கொண்டுபோனான். அவன் தள்ளியது பக்கத்துப் போர்டின் எம்.சி.பி. இரண்டு போர்டின் லேபிளும் இடம் மாறி ஒட்டியிருந்தன. நான் பின்னால் நின்றிருந்தேன், மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் செய்தது நான் எழுதிய விளையாட்டைத்தான். ஆஃப் செய்தால் சப்ளை போய்விடும் என்று அவனுக்குப் பழக்கியது நான்.

இப்போதைய வடிவத்தில் ஆஃப் செய்த பிறகு திரை எதுவும் சொல்லாது. பூட்டுப் போட்டு எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். டெஸ்டரை முதலில் சப்ளை இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி தெரிந்த இடத்தில். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருக்கலாம் அல்லவா? இவற்றில் எதை விட்டாலும் விளையாட்டு அப்போதைக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். ஐந்தில் ஒரு தடவை மட்டும் லேபிள் மாறியிருக்கும். அப்போது திரை கறுப்பாகிவிடும், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். நிஜத்திலும் அது எல்லா நாளும் நடப்பதில்லை என்பதால்தான் ஆட்கள் அலட்சியமாகிறார்கள். அதனால் விளையாட்டிலும் அப்படியே வைத்தேன்.

ஆகவே, ஒரு படியை நீங்கள் விளையாட்டில் விட்டுவிட்டால் மாணவன் அதை நிஜத்திலும் விடுவான். செய்து முடித்ததும் அதே டிரேடில் அனுபவமுள்ள இன்னொருவரிடம் கொடுத்து, எந்தப் படி இல்லை என்று தேடச் சொல்லுங்கள். பிழை இருக்கிறதா என்று கேட்டால் எழுத்துப் பிழை சொல்வார்கள். எது இல்லை என்று கேளுங்கள்.

சிமுலேட்டர்கள் பயன்படுமா?

அடிப்படைக்கு மிகவும் பயன்படும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்ற சிமுலேஷன் தளம் இலவசம்; சர்க்யூட் அமைத்துப் பார்க்கும் சிமுலேஷன் முதலாண்டு மாணவர்களுக்கு அருமையானது. ஷார்ட் செய்தால் தீப்பிடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே பையன்கள் வேண்டுமென்றே ஷார்ட் செய்வார்கள், செய்யட்டும். டிங்கர்கேட் என்ற இணையத் தளத்தில் ஆர்டுயினோ, பிரெட்போர்டு, மல்டிமீட்டர் எல்லாம் இருக்கின்றன. ரெசிஸ்டர் போடாமல் எல்.இ.டி.யைக் கொடுத்தால் எச்சரிக்கை காட்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்ப் பொருள் வாங்கும் முன் இதில் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுவேன்.

ஆனால் சிமுலேட்டர் மட்டும் விளையாட்டாகாது. ஒரு வேலை கொடுங்கள்: 'இந்த சர்க்யூட்டில் நான் ஒரு பழுது ஒளித்துவைத்திருக்கிறேன், மீட்டரை மூன்று இடத்தில் மட்டும் வைத்துக் கண்டுபிடி.' மூன்று இடம் என்ற கட்டுப்பாடு வந்ததும் கண்டபடி குத்திப் பார்ப்பது நின்று யோசனை தொடங்கும்.

மற்ற டிரேடுகளுக்கு?

ஃபிட்டர், டர்னருக்கு வெர்னியர் வாசிப்பு. மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 17ஆவது கோடு பொருந்துகிறது, மீச்சிற்றளவு 0.02 மி.மீ., ஆக 24.34 மி.மீ. இதை நாற்பது முறை பழக வேண்டும், நாற்பது முறை செய்ய அலுப்பாக இருக்கும். ஜியோஜீப்ரா என்ற கணிதத் தளத்தில் வெர்னியர் மாதிரிகள் கிடைக்கின்றன. அதன் மேல் ஒரு கதை போடுங்கள்: 24.30 மி.மீ., இரண்டு பக்கமும் 0.05 வரை பரவாயில்லை, கையில் இருக்கும் இந்த ஷாஃப்டை அனுப்பலாமா, திருப்பலாமா?

ஏ.சி. மெக்கானிக்குக்கு வரிசைதான் உயிர். கேஸை ரெகவர் செய்வது, நைட்ரஜன் ஓட விட்டுப் பிரேசிங் (குழாயைப் பற்றவைப்பது), நைட்ரஜனால் பிரஷர் டெஸ்ட், வேக்குவம், பிறகு சார்ஜிங். ஏ.சி.யில் போடும் ஆர்32 கேஸ் கொஞ்சம் தீப்பற்றக் கூடியது. கேஸ் இருக்கும்போதே டார்ச் பற்றவைத்தால் என்ன ஆகும் என்பதை ஒர்க்‌ஷாப்பில் காட்ட முடியாது, திரையில் காட்டலாம். கட்டாயம் ஒரு பொறி வையுங்கள்: நைட்ரஜன் சிலிண்டர் காலி, பக்கத்திலேயே ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது, கஸ்டமர் அவசரப்படுத்துகிறார். ஆக்சிஜன் கொண்டு பிரஷர் டெஸ்ட் செய்தால் கம்ப்ரசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். அவசரத்தில் எடுக்கும் அந்த ஒரு முடிவை இங்கேயே எடுத்துப் பார்த்துவிடட்டும்.

வெல்டிங்கில் ஆர்க் நீளம், கை வேகம், ராடின் கோணம் எல்லாம் கையால் வருவது. மவுஸால் வராது. வெல்டிங் சிமுலேட்டர்கள் உண்டு, ஆனால் தனிக் கருவி வேண்டும், விலை அதிகம். நம்மால் செய்ய முடிந்தது வெல்டைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கும் விளையாட்டு. அண்டர்கட் (ஓரத்துப் பள்ளம்), பொரோசிட்டி (காற்றுத் துளைகள்), ஸ்லாக் (சிக்கிய கசடு) என்று மாணவர்களின் ஜாப்களையே கிட்டத்தில் படம் எடுங்கள். படங்களுக்குப் பஞ்சமே இருக்காது.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதே, ஏன்?

'கெ' என்று நாம் எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு அப்புறம். அதை இடம் மாற்றிக் காட்டும் வேலையைப் பிரவுசர்கள் சரியாகச் செய்யும். அதனால் ட்வைன், எச்5பி, ஃபார்ம்ஸ் எதிலும் சிக்கல் இல்லை. கேம் எஞ்சின்கள் எனப்படும் விளையாட்டு செய்யும் மென்பொருள்களில்தான் தலைவலி. கோடோ எஞ்சினில் 2023இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து இது சரியாக வருகிறது. பழைய மூன்றாம் பதிப்பில் எழுதாதீர்கள். வேறு எஞ்சின் என்றால் முதல் நாளே 'கொதிகலன், கேபிள், டைம்' என்று தட்டிப் பாருங்கள்.

மொழி பற்றி ஒன்று. கலைச்சொல்லைத் தேடி 'தொடுகலன்' என்றெல்லாம் எழுத வேண்டாம். பட்டறையில் காண்டாக்டர் என்றால் திரையிலும் காண்டாக்டர். விளக்கத்தை நல்ல தமிழில் எழுதுங்கள், பொருளின் பெயரை அவன் வேலைக்குப் போகும் இடத்தில் கேட்கப்போகும் பெயரிலேயே வையுங்கள்.

எல்லா மாணவர்களிடமும் போன் இல்லை. நெட்டும் இல்லை.

ஒரு போனுக்கு மூன்று பேர் போதும். உண்மையில் அதுதான் நல்லது. மூவரும் வாதாடி முடிவெடுக்கும்போது, ஒருவன் ஏன் என்று மற்றவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது தனியாக விளையாடும்போது நடக்காது. புரொஜெக்டர் இருந்தால் வகுப்பே சேர்ந்து ஒரே விளையாட்டை ஆடலாம்.

மாணவர்களையே செய்யச் சொல்லலாமா?

சொல்லுங்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் முதலாண்டு மாணவர்களுக்கு ட்வைனில் செய்வது எங்கள் வழக்கம். தவறான விடைக்கு என்ன விளைவு என்று எழுத அவர்களுக்கு சர்க்யூட் முழுதும் புரிந்திருக்க வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வாய் திறக்காத ஒரு பெண், மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் (ஸ்டார்) தொடங்கி முழு வோல்டேஜுக்கு (டெல்டா) மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் டைமர் மாறாமல் ஸ்டாரிலேயே நின்றுவிட்டால் முழு லோடில் மோட்டார் எப்படித் திணறும் என்று பன்னிரண்டு கட்டத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அதைப் படித்துவிட்டு நான் வைவா மதிப்பெண்ணைப் பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன்.

பரிட்சைக்கு இது உதவுமா?

தியரித் தேர்வு கணினி வழி, பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. அதற்கு மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் கேள்வி வங்கி இருக்கிறது. நம் கிண்டியிலேயே 1986 முதல் இயங்கும், ஐ.டி.ஐ. பாடநூல்களை வெளியிடும் நிமி நிறுவனத்தின் புத்தகங்கள் தமிழிலும் வருகின்றன. பயிற்சிக்கு அவை போதும். பாடத்திட்டத்தின் எந்தப் பயிற்சிக்கு எந்த விளையாட்டு என்று நிமி புத்தகத்தின் எண்ணைப் போட்டு வையுங்கள். மேலதிகாரி கேட்டால் காட்டலாம்.

படம், பெயர் விவரங்களில் கவனிக்க வேண்டியது?

புத்தகப் படத்தை ஸ்கேன் செய்து போடாதீர்கள், உரிமை அவர்களுடையது. நீங்களே எடுங்கள். மாணவர்களின் முகம் வேண்டாம், கை போதும். நம்மிடம் படிப்பவர்களில் பலருக்கு 18 வயது ஆகவில்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அவர்களின் விவரங்களைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். எந்தக் கருவியிலும் முழுப் பெயர், போன் எண் கேட்காமல் 'பெஞ்ச் 4, மூன்றாவது ஆள்' என்று நுழையச் சொன்னாலே போதும்.

ஒன்று செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் விளையாட்டுக்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. இப்போது பத்துக் கட்டம் என்றால் ஒரு மாலை. ஆனால் மாணவர்கள் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்துத் திருத்துவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அப்போது வாயே திறக்காதீர்கள். அவன் எங்கே நிற்கிறான், எந்த வரியை இரண்டு முறை படிக்கிறான், எங்கே பக்கத்துப் பையனைப் பார்க்கிறான் என்று நோட்டில் குறியுங்கள். அதே நோட்டில், முதல் மாதம் தவறுகளை எழுதிய பக்கங்களுக்கு அடுத்த பக்கத்தில்.